ஈடுபாட்டுப் பிரிவின் வாழ்த்துகள்

இருமாவட்டக் கூட்டுக் குடிநீர் முகமைக்கு இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று, பெரம்பலூர், அரியலூர் பக்கத்து ஊர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது. இன்னொன்று, தண்ணீர் வரவில்லை என்று கேட்பவர்களுக்குப் பதில் கொடுப்பது. முதல் வேலைக்கு ஆறு வேண்டும், கரண்ட் வேண்டும், மோட்டார் வேண்டும், குழாய் உடையாமல் இருக்க வேண்டும். இரண்டாவது வேலைக்கு ஓர் ஆள் போதும். ஆகவே முகமை இரண்டாவது வேலையில் சீக்கிரமே முன்னேறிவிட்டது.

அந்த ஓர் ஆள் பரிமளா. பெரம்பலூர் தலைமை அலுவலகத்தில் தபால் பிரிவில் இருந்தவள். அனுப்புநர், பெறுநர், பொருள், மதிப்பிற்குரிய ஐயா என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த வரிசை பிசகாமல் கடிதம் எழுதுவாள். ஜனங்கள் கடிதம் எழுதுவதை விட்டுவிட்டுப் பேஸ்புக்கில் திட்ட ஆரம்பித்த பிறகு அவளுக்கு வேலை குறைந்துபோனது. அந்தச் சமயத்தில்தான் மக்கள் தொடர்பு அலுவலர் கலைவாணன் சென்னையில் ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு, கழுத்தில் மாட்டிய அட்டையைக்கூடக் கழற்றாமல் திரும்பி வந்தார். சமூக ஊடகத்தில் ஜனங்களோடு பேசுவது தனிக்கலை, அதற்கு ஈடுபாடு என்று பெயர், ஈடுபாடு இல்லாத அலுவலகம் இனி அலுவலகமே இல்லை என்றெல்லாம் அங்கே சொல்லி அனுப்பியிருந்தார்கள். வந்த வாரமே ஈடுபாட்டுப் பிரிவு திறக்கப்பட்டது. ஒரு கம்ப்யூட்டருக்கு மாலை போட்டு, குத்துவிளக்கு ஏற்றி வைத்து, கலைவாணன் பேசினார்.

"ஒண்ணு நல்லா புரிஞ்சிக்கணும். தண்ணி வர்றது நம்ம கையில இல்ல. ஆத்துல ஓடணும், கரண்ட் இருக்கணும், மோட்டார் மனசு வெக்கணும். ஆனா பதில் இருக்கு பாருங்க, அது முழுக்க நம்ம கையில இருக்கு. கையில இருக்கறத விட்டுட்டு இல்லாததுக்கு எதுக்கு அலையணும்?"

எல்லோரும் கைதட்டினார்கள். வடை கொடுத்தார்கள். அன்றைக்கு அலுவலகக் குழாயிலும் தண்ணீர் இல்லாததால், எண்ணெய்க் கையை ஆளுக்கொரு பழைய சுற்றறிக்கையில் துடைத்துக்கொண்டு அவரவர் இடத்துக்குப் போனார்கள்.

பதிலுக்கென்று விதிகள் இருந்தன. யார் என்ன எழுதினாலும் ஒரு மணி நேரத்துக்குள் பதில் போய்விட வேண்டும். எழுதியவரைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். நன்றி சொல்ல வேண்டும். முடிவில் ஒரு கைகூப்பு, ஒரு சிவப்பு இதயம். தேதி சொல்லக் கூடாது. சொன்னால் அந்தத் தேதிக்கு மறுநாள் கேட்பார்கள். காரணம் சொல்லக் கூடாது. சொன்னால் அதைச் சரிசெய்யச் சொல்வார்கள். தண்ணீர் என்ற சொல்லைக் கூடியமட்டும் தவிர்க்க வேண்டும். அது எதிர்பார்ப்பை உண்டாக்கும். சேவை என்று போட்டுக்கொள்ளலாம்.

பரிமளா விதி மாறாமல் எழுதினாள். 'தங்கள் பகுதிச் சேவை குறித்த தங்கள் அக்கறை எங்களை நெகிழச் செய்கிறது' என்பது அவள் அமைத்த வாக்கியம். ஜனங்கள் நெகிழவில்லை. நன்றி சொல்லுமளவுக்கு நாங்கள் என்ன விருந்தா வைத்தோம் என்று ஒருவர் கேட்டார். இதயத்தை வைத்துக்கொண்டு நான் எதை நனைப்பது என்று ஒருத்தி கேட்டாள். இருவருக்கும் நன்றியும் இதயமும் போயின.

இவர்களிலெல்லாம் கெட்டிக்காரர் விக்கிரமங்கலத்து அய்யம்பெருமாள். ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் ஒப்பந்த வேலை. ஷிப்ட் முடிந்து வந்ததும் தெருக்குழாயைப் படம் பிடித்துப் போடுவார். 'எங்க தெருக் குழாய் நல்லா வேலை செய்யுது. காத்து ஜில்லுன்னு வருது. பேன் போடத் தேவையில்ல. முகமைக்கு நன்றி' என்று எழுதுவார். ஒருநாள் குழாய்க்குப் பொட்டு வைத்து மாலை போட்டு, கண்ணீர் அஞ்சலி என்று தலைப்புக் கொடுத்திருந்தார். அவர் எழுதினால் பின்னாலேயே நூறு பேர் வந்து எழுதுவார்கள். சிரிப்பாக எழுதினாலும் விஷயம் சிரிப்பில்லை. குழாய் காய்ந்ததிலிருந்து அந்தத் தெருப் பெண்கள் மெயின் ரோட்டைத் தாண்டிப் போய், ஒரு தோட்டத்து போர்வெல்லில் தண்ணீர் பிடித்துவந்தார்கள். அந்த ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்துகொண்டிருக்கும். இடுப்பில் ஒரு குடமும் தலையில் ஒரு குடமுமாகத் தன் பெண்டாட்டி மணிமொழி லாரிக்கு ஒதுங்கி நிற்கிற படத்தையும் அவர் ஒருமுறை போட்டிருந்தார். அதற்கு மட்டும் அவர் எதுவும் எழுதவில்லை. பரிமளா விதிப்படி நன்றி எழுதினாள். எழுதிவிட்டு, டீ ஆறிப்போகும்வரை அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படியிருக்கையில் அய்யம்பெருமாள் தன் மகனின் காதுகுத்துப் பத்திரிகையைப் போட்டார். அதில் முகமையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பதில் எழுத வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் பத்திரிகையைக் கண்ணால் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தாண்டிப் போகிற பழக்கம் பரிமளாவுக்கு இல்லை. அந்தப் படத்துக்கு நன்றி எழுதிய கை வேறு உறுத்திக்கொண்டிருந்தது. அலுவலகத்தின் பேஸ்புக் பக்கத்திலிருந்தே, 'குழந்தை நூறாண்டு வாழ வேண்டும். மாமன் மடியில் அழாமல் உட்கார வேண்டும். வாழ்த்துகள்' என்று எழுதிவிட்டாள். எழுதிய பிறகுதான் பயம் வந்தது.

பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று நடந்தது. அய்யம்பெருமாள் அன்று குழாயைப் படம் பிடிக்கவில்லை. மறுநாளும் பிடிக்கவில்லை. ஒரு வாரம் போனது. என்னப்பா, உன் தெருவுக்குத் தண்ணி வந்துவிட்டதா, பேச்சைக் காணோம் என்று ஒருவர் அவர் பக்கத்திலேயே போய்க் கேட்டார். 'வரல. ஆனா நம்ம வூட்டு நல்ல காரியத்துக்கு மனசார வாழ்த்துனவங்கள எந்த மூஞ்ச வெச்சிக்கிட்டு திட்டறது? நல்லா இருக்காது' என்று அய்யம்பெருமாள் எழுதியிருந்தார். அதற்குக் கீழே நாற்பது ஐம்பது பேர், அதுவும் சரிதான் என்று போட்டிருந்தார்கள்.

கலைவாணன் இதைப் பார்த்துவிட்டார். பிறகு பரிமளாவை அழைத்து, இத்தனை நாள் புகாருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது தப்பு என்றும், புகார் சொல்பவருக்குத்தான் பதில் சொல்ல வேண்டும் என்றும் விளக்கினார்.

அன்றிலிருந்து முகமை மும்முரமாக இறங்கியது. குறை சொன்னவர்களின் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, யாருக்கு எப்போது பிறந்தநாள், யார் வீட்டில் வளைகாப்பு, யார் புது பைக் வாங்கினார், யார் அப்பாவுக்கு நினைவுநாள் என்று பார்த்தார்கள். ஒரு பரிமளா போதவில்லை. வால்வு திறப்பவர்கள், குளோரின் போடுபவர்கள், குழாய் உடைப்புக்குப் போகிறவர்கள் எல்லோரையும் வரவழைத்து வாழ்த்து எழுத உட்கார வைத்தார்கள். குழாய் ரிப்பேர் பிரிவில் ஒருவர் வளைகாப்பு வாழ்த்தில் தேர்ந்தார். மோட்டார் பிரிவில் ஒருவருக்கு இரங்கல் நன்றாக வந்தது. பிறகு எழுதினால் மட்டும் போதாது, நேரிலும் போக வேண்டும் என்று உத்தரவானது. முகமையிடம் இருந்த ஒரே குட்டியானை லோடு வண்டி, பழத்தட்டும் வாழ்த்து மடலும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போயிற்று.

புகார் குறைந்தது. வாலிகண்டபுரத்திலிருந்து பூமாலை என்றொரு பெரியவர் மட்டும், பேஸ்புக் என்ற ஒன்று இருப்பதே தெரியாமல், பஸ் பிடித்து நேரிலேயே வந்துவிட்டார். அவரிடம் போன் இல்லை. அவரை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. கலைவாணன் அவரை உட்கார வைத்து, டீ கொடுத்து, பிறந்தநாள் என்றைக்கு என்று கேட்டார். பெரியவர் யோசித்துப் பார்த்து, மழை நாளில் பிறந்ததாக அம்மா சொல்லியிருக்கிறாள், அதற்குமேல் தெரியாது என்றார். வீட்டில் விசேஷம் ஏதாவது என்று கேட்டதற்கு, தண்ணீர் வந்தால் அதுதான் விசேஷம் என்றார். கலைவாணன் வருத்தத்தோடு பரிமளாவிடம் திரும்பி, பிறந்தநாளே இல்லாதவரின் புகாரை எந்த வழியில் தீர்ப்பது, நீயே சொல் என்றார். பெரியவருக்குப் பஸ் ஸ்டாண்டு வரை வண்டி கொடுத்து அனுப்பினார்கள். வழியில் ஒரு பழத்தட்டு இறக்க வேண்டியிருந்தது.

அந்த வருடம் முகமைக்கு ஒரு கேடயம் கிடைத்தது. கலைவாணன் மேடையில் பேசினார். "மத்த இடத்துல தண்ணி குறைஞ்சா புகார் ஏறும். எங்ககிட்ட தண்ணியும் குறைஞ்சுது, புகாரும் குறைஞ்சுது. ரெண்டையும் ஒண்ணா கொறைச்சது இந்த மாநிலத்துலயே நாங்கதான்." கைதட்டல் அடங்க நேரமானது. இதற்குப் பரிமளா முறை என்று பெயர் வைத்திருப்பதாகவும் சொன்னார். பரிமளா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது, கீழே எதையோ தவறவிட்டவள்போலக் குனிந்துகொண்டாள்.

கேடயம் வந்த பிறகு அவளுக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. மோட்டார் பிரிவில் ராசாங்கம் என்று ஒருவர் இருந்தார். இப்போது குட்டியானை ஓட்டிக்கொண்டு பழத்தட்டு இறக்குபவர். அவரிடம் ஒருநாள், விக்கிரமங்கலத்துக்கு ஏன் தண்ணீர் ஏறவில்லை என்று கேட்டாள்.

"மோட்டாரு எரிஞ்சிப்போச்சும்மா" என்றார் ராசாங்கம். "காயில் கட்டக் குடுத்தோம். கட்டி, பணமும் குடுத்தாச்சு. அரியலூர் ரோட்டுல, ஊரு முடியற எடத்துல அந்தக் கடை. அங்கதான் கெடக்குது."

"அப்பறம் எடுத்துட்டு வர வேண்டியதுதானேண்ணே?"

"எதுல எடுத்துட்டு வர்றது? வண்டிதான் ஆப்பிள் ஏத்துதே."

பரிமளா நேரே கலைவாணனிடம் போனாள். வண்டியை ஒரே ஒரு நடைக்குக் கொடுத்தால் ஒரு ஊருக்குத் தண்ணீர் போய்விடும் என்றாள். கலைவாணன் கோபப்படவில்லை. அவர் எப்போதும் கோபப்பட்டதில்லை. கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

"விக்கிரமங்கலத்துலேருந்து புகார் வந்து எத்தன மாசம் ஆச்சு பாரும்மா. ஒண்ணுகூட இல்ல. ஒன்னோட முறைதான். புகாரே இல்லாத ஊருக்கு மோட்டார் எடுத்துட்டுப் போனா, ஆடிட்ல என்னான்னு சொல்லுவ? தேவை இருந்தா கேட்டிருப்பாங்க."

"கேக்க முடியாம இருக்காங்க சார்."

"முடியாமயா? பக்கம் தொறந்துதான இருக்கு."

பரிமளா தன் இடத்துக்கு வந்தாள். அவர் சொன்னதில் ஓட்டை இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள், இல்லை. கேட்டால்தான் மோட்டார் போகும். வாழ்த்தியவளைக் கேட்க மாட்டார்கள். வாழ்த்தியவள் அவள். அன்று மத்தியானமே அய்யம்பெருமாளுக்கு அலுவலகப் பக்கத்திலிருந்து எழுதினாள். தங்கள் பகுதியில் குறை ஏதேனும் இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், கடுமையாகவே சொல்லலாம் என்று எழுதினாள். அரை மணியில் பதில் வந்தது. 'ஒரு கொறையும் இல்லைங்க. நீங்க கேட்டதே போதும். பையன் நல்லா இருக்கான், காது ஆறிடுச்சு.'

அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மாசி கடைசியில் அய்யம்பெருமாள் ஒரு படம் போட்டார். அரியலூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மணிமொழி படுத்திருந்தாள். வலது கால் தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. குடத்தோடு ரோட்டைத் தாண்டும்போது லாரி வந்திருக்கிறது. லாரி மோதவில்லை, பயத்தில் பின்வாங்கியவள் ரோட்டோரத்து வாய்க்காலுக்குள் விழுந்து கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. 'உறவுகள் வேண்டிக்கொள்ளவும்' என்று மட்டும் அய்யம்பெருமாள் எழுதியிருந்தார். எதற்காக ரோட்டைத் தாண்டினாள் என்பதைக் கீழே வந்து விசாரித்த சொந்தக்காரர்களுக்குத்தான் சொல்லியிருந்தார்.

உடல்நலம் குன்றியவர்களுக்கு உடனே எழுத வேண்டும் என்பது பரிமளா முறையில் ஒரு விதி. அவள் கை எழும்பாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரம் முடியப்போன சமயத்தில் கலைவாணன் பின்னால் வந்து நின்றார். 'திருமதி மணிமொழி அவர்கள் விரைவில் நலம் பெற முகமை மனமார வாழ்த்துகிறது' என்று எழுதினாள். கைகூப்பு. இதயம். அய்யம்பெருமாள் உடனே நன்றிங்க என்று போட்டார்.

"நேர்லயும் ஒரு எட்டு போயிட்டு வந்துடும்மா" என்றார் கலைவாணன். "கட்டுப் போட்ட கால் தெரியற மாதிரி ஒரு போட்டோ. பழம் கொஞ்சம் கூடவே இருக்கட்டும்."

ராசாங்கம் வண்டியை ஓட்டினார். மடியில் ஆரஞ்சுப் பையோடு பரிமளா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அரியலூர் ரோட்டில் ஊர் முடிகிற இடத்தில் அந்தக் கடை வந்தது. வாசலில், வேப்பமரத்தடியில், நீளமான மோட்டார் ஒன்று கிடந்தது. அதன் மேல் சாக்பீஸால் விக்கிரமங்கலம் என்று எழுதியிருந்தது. ராசாங்கம் தானாகவே வண்டியை மெதுவாக்கினார். அவள் முகத்தைப் பார்த்தார். இறங்கலாம் என்று சொல்லப் பரிமளாவுக்கு வாய்வரை வந்தது. ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் முடிந்துவிடும், திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம், கையெழுத்தில்லாமல் கொடுக்க மாட்டார்கள் என்று அவளே தனக்குள் மூன்று காரணம் சொல்லிக்கொண்டாள். அலுவலகத்தில் யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே காரணங்கள் வந்தன. ராசாங்கம் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார்.

ஆஸ்பத்திரியில் அய்யம்பெருமாள் ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டார். பக்கத்துக் கட்டில்காரரிடம் ஸ்டூல் கேட்டு வாங்கிப் போட்டு, துண்டால் தட்டி, அவளை உட்கார வைத்தார். காதுகுத்துக்கு வாழ்த்து எழுதியது இவள்தான் என்று தெரிந்ததும் மணிமொழி படுத்தபடியே கும்பிட்டாள். டீ வாங்கிவர ஆள் போனது. பரிமளா எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கட்டிலின் கால்மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டின் மேல் யாரோ மகன் பெயரைப் பேனாவால் எழுதியிருந்தார்கள்.

"வலி இருக்குதா?" என்று கேட்டாள். வேறு எதுவும் கேட்க வரவில்லை.

"பரவால்லைங்கக்கா" என்றாள் மணிமொழி. "ரெண்டு கொடம் போச்சு. ஒண்ணு எங்க அம்மா வூட்ல குடுத்தது."

அய்யம்பெருமாள் சும்மா இருக்கச் சொல்லி அவளைக் கண்ணால் அடக்கினார். டீ குடித்து முடித்துப் புறப்படும்போது வாசல்வரை கூடவே வந்தார். எதையோ கேட்க வந்து, தயங்கி, கடைசியில் கேட்டார்.

"அக்கா, ஒங்க வூட்ல விசேஷம் எதாச்சும் வருதுங்களா?"

"எதுக்குங்க?"

"சும்மாதான். ஒரு கல்யாணம், காதுகுத்து, ஒண்ணும் இல்லன்னா ஒரு பொறந்தநாளு. வந்து செஞ்சிட்டா எங்க பக்கம் நேராயிடும். அப்பறம் தண்ணியப் பத்தி ஒங்ககிட்ட கேக்கலாமில்ல. திருப்பிச் செய்யாம கேட்டா ஊர்ல காறித் துப்புவாங்க. எங்க தெருவுல பாதிப் பேரு அப்படித்தான் ஒக்காந்திருக்காங்க, ஒங்க வூட்டு விசேஷத்த எதிர்பாத்துக்கிட்டு."

பரிமளாவுக்கு வீட்டில் விசேஷம் எதுவும் இல்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். திரும்பும்போதும் அந்தக் கடையில் வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை.

மறுநாள் காலை அலுவலகத்துக்கு முதல் ஆளாக வந்து, முகமையின் பக்கத்தில் எழுதினாள். 'இன்று நமது முகமைக்குப் பிறந்தநாள். உங்கள் வீட்டு நல்லது கெட்டதுகளில் நாங்கள் நின்றோம். இன்று உங்கள் முறை. அனைவரும் வந்து வாழ்த்த வேண்டுகிறோம்.' அந்தப் பக்கத்தில் தான் எழுதிய முதல் பொய் அது என்று நினைத்தாள். பிறகு அதற்கு முன் எழுதியதையெல்லாம் நினைத்துப் பார்த்து, அந்த எண்ணத்தை விட்டுவிட்டாள்.

முகமை என்றைக்குப் பிறந்தது என்று அங்கே யாருக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் யாருக்கும் தைரியமில்லை. கலைவாணன் அவளைக் கூப்பிட்டு, தான் ஒரு மாதமாகவே இதை மனதில் வைத்திருந்ததாகச் சொன்னார். மேலதிகாரி, தான் மறக்கவில்லை என்றும், வேண்டுமென்றே சொல்லாமலிருந்ததாகவும் சொன்னார். கேக் வந்தது. எத்தனையாவது என்று எழுதக் கடைக்காரர் கேட்டதற்கு, பல்லாண்டு என்று எழுதச் சொன்னார்கள்.

வாழ்த்துகள் வர ஆரம்பித்தன. விக்கிரமங்கலம் தெரு முழுக்க வந்தது. அக்கம்பக்கத்து ஊர்கள் வந்தன. வளைகாப்புக்கு வாழ்த்தப்பட்டவர்கள், பைக்குக்கு வாழ்த்தப்பட்டவர்கள், அப்பாவின் நினைவுநாளில் ஆறுதல் பெற்றவர்கள் என்று ஒருவர் விடாமல் வந்து, பெயர் போட்டு, ஊர் போட்டு வாழ்த்தினார்கள். மொய் எழுதுகிற வரிசைபோல ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஈடுபாடு இத்தனை உயரத்துக்குப் போனதைச் சென்னையில்கூடப் பார்த்ததில்லை என்று கலைவாணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவர் கேக் வெட்டக் கூடத்துக்குப் போன நேரத்தில் அய்யம்பெருமாள் எழுதினார்.

'பொறந்தநாள் வாழ்த்துகள். எங்க வூட்டுக்கு நீங்க செஞ்சீங்க, ஒங்க வூட்டுக்கு நாங்க செஞ்சிட்டோம். இனிமே ரெண்டு பக்கமும் பாக்கியில்ல. இப்பக் கேக்கறேன். தண்ணி எப்ப வரும்?'

அதற்குக் கீழே அதே கேள்வி இன்னொருவர் கேட்டார். இன்னொருவர் கேட்டார். பக்கம் நிறைந்துகொண்டே போனது. பழைய கோபங்களெல்லாம், இத்தனை மாதம் மரியாதைக்காக விழுங்கியவை, ஒரே மூச்சில் வெளியே வந்தன. கூடத்தில் பிறந்தநாள் பாட்டுக் கேட்டது.

பரிமளா எழுதினாள். 'திரு. அய்யம்பெருமாள் அவர்களுக்கு. உங்கள் ஊர் மோட்டார் எரிந்துவிட்டது. காயில் கட்டி முடித்துப் பல மாதம் ஆகிறது. பெரம்பலூரில், அரியலூர் ரோட்டில், ஊர் முடிகிற இடத்துக் கடையில் கிடக்கிறது. அதைக் கொண்டுவர எங்களிடம் இருந்த வண்டியில் உங்களுக்குப் பழம் கொண்டுவந்தோம். இது எனக்கு முன்பே தெரியும். ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று அந்தக் கடை வாசலைத் தாண்டித்தான் வந்தேன். தண்ணீர் வராததற்குக் காரணம் நாங்கள். மன்னிக்க வேண்டும்.' கைகூப்பும் இதயமும் போடவில்லை.

விரல் நுனியில் கிரீமோடு கலைவாணன் வந்தார். நின்றபடியே படித்தார்.

"என்னம்மா எழுதியிருக்க?"

"பதில் சார்."

"இதுல காரணம் இருக்கு. எடம் இருக்கு. தண்ணீர்னு வேற போட்டுருக்க." அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. "நல்லாத்தான எழுதிக்கிட்டு இருந்த."

அழித்துவிடச் சொன்னார். அதற்குள் அய்யம்பெருமாளின் பதில் வந்துவிட்டது. டிராக்டரோடு வருவதாகவும், கடையைக் காட்ட ஒரு ஆள் மட்டும் வந்தால் போதுமென்றும் எழுதியிருந்தார். பரிமளா எழுந்து பையை எடுத்துக்கொண்டாள்.

டிராக்டர் மத்தியானம் வந்தது. டிப்பர் நிறைய ஆண்களும் பெண்களுமாக இருந்தார்கள். பரிமளாவும் ஏறிக்கொண்டாள். யாரும் அவளைத் திட்டவில்லை. நகர்ந்து உட்கார இடம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அய்யம்பெருமாள் அவளைப் பார்க்காமல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் எந்தக் காகிதமும் கேட்கவில்லை. கையெழுத்து வேண்டாமா என்று பரிமளா கேட்டாள்.

"எதுக்குங்க கையெழுத்து? ஆபீஸ்லேருந்து யாராச்சும் ஒருத்தர் வந்து எடுத்துக்கறேன்னு ஒரு வார்த்த சொன்னா குடுத்திருப்பேன். எடத்த அடைச்சிக்கிட்டு கெடக்குது."

அய்யம்பெருமாள் அப்போதுதான் அவள் பக்கம் திரும்பினார். நான்கு பேர் மோட்டாரைத் தூக்கினார்கள். அவரும் போய் ஒரு முனையைப் பிடித்தார்.

ஊருக்குத் திரும்புமுன் முகமை வாசலுக்கு வந்து டிராக்டரை நிறுத்தினார்கள், பரிமளாவை இறக்கிவிடத்தான். அந்த இடைவெளியில் கலைவாணன் ஓடிவந்து மோட்டாருக்கு மாலை போட்டு, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். 'மக்களின் பிறந்தநாள் பரிசை முகமை மகிழ்வுடன் ஏற்றது' என்று அதைப் போடச் சொன்னார். பரிமளா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்ததால், ராசாங்கத்தை வைத்துப் போட்டுக்கொண்டார்.

இரண்டு நாளில் மோட்டாரைக் கிணற்றில் இறக்கிவிட்டார்கள். விக்கிரமங்கலத்தில் தண்ணீர் வந்தது. தெருவில் குடங்கள் வரிசையாக நிற்கும் படத்தை அய்யம்பெருமாள் போட்டார். கிண்டலும் இல்லை, நன்றியும் இல்லை. தண்ணி வந்துடுச்சு என்று ஒரு வரி. வழக்கம்போலப் பலர் வந்து எழுதினார்கள். அவர்களோடு, மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்துவிட்ட மணிமொழியும் எழுதியிருந்தாள். அவள் அந்தப் பக்கத்தில் எழுதியது அதுதான் முதல் தடவை.

'தண்ணி வருதுன்னு சத்தம் கேக்குது. எல்லாரும் ஓடறாங்க. எனக்கு ஆனி போயிதான் கட்டு பிரிப்பாங்களாம். ஒங்களால முடிஞ்சா கொஞ்சம் முன்னாடி சொல்லியிருக்கலாம் அக்கா.'

பரிமளா விரலை விசைகளின் மேல் வைத்தாள். அன்புள்ள என்று எழுதி அழித்தாள். நன்றி என்று எழுதி அழித்தாள். மன்னிக்கவும் என்று எழுதினாள். அதை ஏற்கெனவே ஊர் பார்க்க ஒருமுறை எழுதியாகிவிட்டது, அதனால் அந்தக் காலில் ஒரு எலும்பும் கூடிவிடவில்லை என்று தோன்றியதும் அதையும் அழித்தாள். ஒரு மணி நேரம் முடிந்தது. சாயங்காலம் ஆனது. மற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

ஈடுபாட்டுப் பிரிவு தொடங்கியதிலிருந்து பதில் போகாத ஒரே பதிவு அதுதான். முகமையின் ஈடுபாட்டு மதிப்பெண் அதனால் சற்று இறங்கிவிட்டது. ஒரு பதிவுக்குப் பதில் சொல்லாமல் விட்டது ஏன் என்று கலைவாணன் பரிமளாவிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருக்கிறார். அதற்கும் அவள் இன்னும் பதில் எழுதவில்லை.